வெட்டுக்கிளிக்குப் போட்ட எண்ணெய்

வதிவிட அனுமதி, வீட்டு வாடகை, மொழி வகுப்பு என்று ஆயிரம் கவலைகளோடு இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு விளையாட்டுக் காரைப் பற்றி எழுதுகிறார்களே என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவும் நாங்களும் மீண்டும் பேசத் தொடங்கியது அப்படியொரு காரினால்தான். அதனால் எழுதுகிறோம்.

1996இல் நாங்கள் ஜேர்மனியில் டோட்முண்ட் நகரில் இருந்தோம். எங்களில் மூத்தவனுக்கு 13 வயது, இளையவளுக்கு 11. அப்பா யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் கராஜ் வேலை செய்தவர். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களின் சத்தத்தைக் கேட்டே வருத்தம் சொல்லுவார். இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். வைத்தியரிடமோ கந்தோருக்கோ போனால் மொழிபெயர்ப்பது நாங்கள்தான். அப்பா எங்களுக்குப் பின்னால் நிற்பார். வீட்டுக்கு வந்தால் பேச்சே இருக்காது. அது கோபமல்ல, வெட்கம் என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் சந்தையில் 15 மார்க்குக்கு றிமோட்டில் ஓடும் கார் ஒன்று வாங்கினோம். ஜப்பானின் தமியா நிறுவனம் 1984இல் வெளியிட்ட 'கிறாஸ்ஹொப்பர்', அதாவது வெட்டுக்கிளி. உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. மண்ணிலும் புல்லிலும் ஓடுவதற்கென்று பின்சில்லுகளில் முள்ளு முள்ளான ரயர்கள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த சல்லிக்கல் வெளியில் ஓடவிட்டோம். சிறிய கல்லில் ஏறினாலும் துள்ளியது. துள்ளித் துள்ளி ஓடிப் பிரண்டது. அம்மா யன்னலால் எட்டிப் பார்த்து, "பேருக்கேற்ற மாதிரித் தத்துவெட்டியான்தான்" என்று சிரித்தார்.

அப்பா சத்தமில்லாமல் இறங்கி வந்தார். காரை எடுத்து, பின்பக்கத்தை இரண்டு தரம் கையால் அழுத்தி விட்டுப் பார்த்தார்.

"ஸ்பிரிங் இருக்கு. அதைப் பிடிச்சு வைக்க ஆளில்லை" என்றார்.

பல நாட்களுக்குப் பிறகு அவர் எங்களோடு நீளமாகப் பேசியது அன்றுதான். கல்லில் சில்லு ஏறும்போது ஸ்பிரிங் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் துள்ளல். சொக் அப்சோபருக்குள் எண்ணெய் இருந்தால், சிறு துளைகள் உள்ள பிஸ்ரன் அந்த எண்ணெய்க்குள்ளால் நெருக்கிக்கொண்டு போகவேண்டும். துள்ளும் வேகம் அங்கே செத்துவிடும். எங்களுடையது புதிதாகப் பழகுபவர்களுக்கென்று எளிமையாகச் செய்த கார். அதில் வெறும் ஸ்பிரிங் மட்டும்தான். முன்சில்லுகள் தனித்தனியாக அசையும். பின்னாலோ மோட்டார், கியர்ப்பெட்டி, அச்சு எல்லாம் ஒரே துண்டாக ஏறி இறங்கும். "முதல் பின்னுக்கு மாத்துவம். பாரம் அங்கதான்" என்றார் அப்பா.

மாதிரிக் கார்கள் விற்கும் கடைக்கு மூவரும் போனோம். வழக்கம்போல நாங்கள் கேட்கத் தொடங்கினோம். எங்களுக்குச் சரியான சொற்கள் வரவில்லை. அப்பா பேனையை வாங்கி ஒரு துண்டுக் கடதாசியில் சொக் அப்சோபரைக் கீறினார். நீளம், மேலே பூட்டும் இடம், கீழே பூட்டும் இடம், எல்லாம். கடைக்காரர் எங்களை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். இந்த நாட்டில் ஒருவர் எங்களைத் தாண்டி அப்பாவோடு கதைத்ததை நாங்கள் கண்டது அதுவே முதல் தடவை.

எண்ணெய் நிரப்பும் சொக் அப்சோபர் ஒரு சோடி வாங்கினோம். அதற்குரிய சிலிக்கோன் எண்ணெய்க்குத் தனிக்காசு. "எண்ணெய்க்குமோ?" என்று அப்பா மறுத்துவிட்டார். ஊரில் மொறிஸ் மைனரின் சொக் அப்சோபருக்கு எஞ்சின் எண்ணெய் விட்டுப் பழகிய கை. அயலவரிடம் கொஞ்சம் வாங்கி நிரப்பினார். பெட்டிக்குள் இருந்த தாளில் சிலிக்கோன் எண்ணெய் மட்டுமே விடவேண்டும் என்று டொச்சிலும் எழுதியிருந்தது. நாங்கள் இருவரும் வாசித்தோம். ஒருவரை ஒருவர் பார்த்தோம். வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. கிழமை முடியுமுன் தண்டு இறுகிவிட்டது. உள்ளே இருந்த றப்பர் வளையம் எஞ்சின் எண்ணெயில் ஊறிப் பருத்திருந்தது. அப்பா சாப்பாட்டு மேசையில் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கடைசியில் நாங்கள்தான் சொன்னோம்.

"நாங்கள் வாசிச்சனாங்கள் அப்பா."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லுற மாதிரி இருக்குமெண்டு..."

அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இஞ்ச வாசிக்கிறது நீங்கள். முறுக்கிறது நான். ரெண்டும் இல்லாட்டி வண்டி ஓடாது."

அடுத்த சம்பளத்தில் புது வளையங்களும் சிலிக்கோன் எண்ணெயும் வந்தன. நாங்கள் தாளை வாசிக்க வாசிக்க அப்பா பூட்டினார். தண்டின் புரியில் ஒரு துளி எண்ணெய் தடவித்தான் வளையத்துக்குள்ளால் செலுத்தவேண்டும். காய்ந்தபடி தள்ளினால் புரி றப்பரை வெட்டிவிடும், பிறகு ஒழுகும். எண்ணெய் நிரப்பியதும் பிஸ்ரனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, காற்றுக் குமிழிகள் மேலே வரும்வரை பொறுத்திருந்து மூடவேண்டும். எண்ணெய்ப் போத்தலில் எண் இருக்கும். எண் கூடினால் எண்ணெய் தடிப்பு. முதலில் தடித்ததை விட்டோம். சில்லு கல்லில் ஏறிய பின் நேரத்துக்குக் கீழே வரவில்லை. 400 என்ற மஞ்சள் எண்ணெய்க்கு இறங்கினோம். ஒரு அடி உயரத்திலிருந்து காரை விழவிட்டுப் பார்த்தோம். துள்ளாமல் ஒரே தரம் பதிந்து நின்றது. அப்பா கைதட்டினார்.

அப்பா பிறகும் கராஜ் வேலைக்குத் திரும்பவில்லை. அதற்குரிய சான்றிதழ் அவரிடம் இல்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு கந்தோர்க் கடிதம் வந்தால் மேசையில் எங்களோடு இருந்து, "இதில என்ன போட்டிருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார். நாங்களும் ஒளிக்காமல் சொன்னோம்.

தமியா அந்தக் காரை 2005இல் மீண்டும் வெளியிட்டது. அண்மையில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று வாங்கினோம். பூட்டி முடிந்ததும் அப்பா கையில் எடுத்துப் பின்பக்கத்தை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார்.

புதிதாக வந்திருக்கும் பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் உங்களுக்காக எல்லா இடமும் கதைக்கிறார்கள். அது அவர்களுக்கும் பாரம்தான். நீங்கள் கைதேர்ந்த வேலை ஒன்றை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். தையலாக இருக்கட்டும், தோட்டமாக இருக்கட்டும், சமையலாக இருக்கட்டும். அவர்கள் வாசிக்கட்டும், நீங்கள் முறுக்குங்கள். பிழைத்தால் அவர்கள் பயமில்லாமல் சொல்லட்டும்.