பழைய கணினியை எறிய வேண்டாம்!

தங்கள் இல்லத்தில் எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி ஒன்று இருக்குமாயின், இக்கட்டுரை தங்களுக்காகவே எழுதப்படுகிறது.

2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. தனியே பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை கொடுத்தது. இதனால் கணினி ஒன்றும் நின்றுவிடாது. நேற்றுப் போலவே ஓடும். ஆயினும் இனிப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. பாட்டும் படமும் பார்ப்பதற்கு அது பெரிய குறையன்று. வங்கிக் கணக்கையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் அதில் வைத்திருப்போர் கவலைப்பட வேண்டியதே.

விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்பீர்கள். 2021 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பு, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் செயலியாயின் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்குப் பிற்பட்டதும் வேண்டும் என்கிறது. எட்டாம் தலைமுறை வந்ததே 2017இல்தான். எங்கள் வீட்டுக் கணினியோ 2016இல் வாங்கியது. திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை நன்றாக இருக்கிறது, ஒருநாளும் பழுதானதில்லை. ஆனாலும் அதன் காலம் முடிந்தது என்று தீர்ப்பாகிவிட்டது.

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே உள்ள எங்கள் ஐயம்பேட்டையில், பட்டுச் சேலை வியாபாரிகள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வீட்டுக் கணினி எனக்கும், கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கும் பொதுவானது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். அவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, 35,000 ரூபாய்க்குப் புதியது வாங்குவது. மற்றொன்று, 500 ரூபாய் கொடுத்தால் தடைகளை மீறி விண்டோஸ் 11இன் திருட்டு நகல் ஒன்றை அவரே ஏற்றித் தருவது. "ஊரெல்லாம் இதுதான் பாய்" என்றும் சொன்னார். அவர் சொன்னது பொய்யன்று.

வீட்டில் இதைச் சொன்னபோது என் துணைவியார் கேட்டது ஒரே கேள்விதான். "விலை கொடுக்காத பொருளை, உடையவனுக்குத் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டு, அதில் நம் பிள்ளை பாடம் படிப்பதா?" உண்ணும் பொருளில் ஹலாலைத் தேடும் நாம், கண்ணுக்குத் தெரியாத பொருளில் அந்தத் தேடலை விட்டுவிடுகிறோம் என்பது அவர் எண்ணம். அதற்கு மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. இதில் உலகியல் காரணமும் ஒன்று உண்டு. பூட்டை உடைத்துத் தருகிற நிரல் அதோடு வேறு எதை உள்ளே விட்டுச் செல்கிறது என்பதை நம்மைப் போன்றோர் அறிய வழியில்லை. ஆகவே 500 ரூபாய் வழி அன்றே அடைபட்டது. 35,000 ரூபாய் வழி எங்கள் வருமானத்துக்கு எட்டாதது. மூன்றாவது வழியைத் தேடத் தொடங்கினோம். அதன் பெயர்தான் லினக்ஸ்.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியது லினக்ஸ். அதற்கு முன்பே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் குனு என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். ஒரு மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், அதன் மூலத்தைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று எழுத்திலேயே அனுமதி தரும் உரிமம் அத்திட்டத்திலிருந்து பிறந்தது. இரண்டும் இணைந்தே இன்று நாம் லினக்ஸ் என்று அழைக்கும் இயங்குதளம் உருவாயிற்று. இலவசம் என்பது இதில் சிறிய செய்தியே. நகலெடுத்துக்கொள் என்று உடையவனே சொல்லிவிட்டான் என்பதுதான் எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்த செய்தி.

மூலத்தைப் படிக்கலாம் என்பதன் பொருள் எங்கள் ஊராருக்கு எளிதில் விளங்கும். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறதல்லவா? துளையிட்ட அட்டைகள் வரிசையாக அதில் ஏறி இறங்க, எந்த இழை மேலெழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பது முடிவாகி, முந்தானையில் மயிலும் மாங்காயும் விழுகின்றன. பிரெஞ்சு நாட்டின் ஜக்கார்டு 1804இல் உரிமம் பெற்ற பொறி அது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830களில் தாம் கருதிய கணக்குப் பொறிக்கு அந்த அட்டைகளையே எடுத்துக்கொண்டார். தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு அத்தனை பழமையானது. பக்கத்துத் தெருவில் நெசவு செய்யும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "அட்டை என் கையில் இருந்தால் எந்தத் துளை எந்தப் பூ என்று பார்த்து மாற்றிக்கொள்வேன். சேலையை மட்டும் கொடுத்தால் நான் என்ன செய்வது?" என்றார். விண்டோஸ் நமக்குச் சேலையை மட்டும் தருகிறது. லினக்ஸ் அட்டையையும் சேர்த்துத் தருகிறது. அந்த அட்டையைப் படிக்க எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தவர்கள் உலகெங்கும் படித்துப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

லினக்ஸ் என்றதும் இது ஏதோ பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று அஞ்ச வேண்டாம். தங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளம் லினக்ஸின் கருவே. உலகின் மிக வலிய 500 கணினிகள் என்று வெளியிடப்படும் பட்டியலில், 2017 நவம்பர் முதல் ஒன்றுவிடாமல் எல்லாமே லினக்ஸில் இயங்குபவை.

நம் தமிழகத்துக்கும் இது புதிதன்று. 2006, 2007ஆம் ஆண்டுகளில் எல்காட் நிறுவனம், அதன் நிர்வாக இயக்குநராயிருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அவர்களின் முயற்சியால், தன் அலுவலகக் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றியது. 2007இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 முதல் மாநில அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸும் இருந்தது. ஆயின் எத்தனை வீடுகளில் அதைத் திறந்து பார்த்தார்கள்? எங்கள் தெருவில் நான் அறிந்தவரை எவருமில்லை. பொருள் வந்தது, அதைக் கற்றுக்கொடுக்கும் ஆள் வரவில்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் லினக்ஸிலேயே கணினி பயில்கிறார்கள்.

சரி, மாறுவது எப்படி? நாங்கள் சென்ற வழியைச் சொல்கிறேன். இயங்குதளத்தை முதலில் தொடவே இல்லை. விண்டோஸிலேயே இருந்துகொண்டு, நாள்தோறும் கையாளும் மென்பொருட்களை மட்டும் மாற்றினோம். வேர்ட், எக்செல் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ், இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ், படம் பார்க்க வி.எல்.சி. இவை மூன்றும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒன்று போலவே இருப்பவை. இரண்டு மாதங்கள் இப்படியே கழிந்தன. வீடு மாறுவதற்கு முன் புதிய வீட்டின் பாத்திரங்களில் பழைய வீட்டிலேயே சமைத்துப் பழகியது போல! பின்னர் வீடு மாறியபோது கைக்கு எதுவும் அந்நியமாகத் தோன்றவில்லை.

அதன் பிறகே 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் என்னும் வகையை ஏற்றினோம். லினக்ஸில் வகைகள் பலப்பல. புதியவர்கள் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தே ஓய்ந்துபோகிறார்கள். என் கருத்தில் மின்ட் போதும். பார்வைக்கு விண்டோஸை ஒத்தது. அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு பழைய கணினிகளுக்கு இலேசானது. இணையத்திலிருந்து ஏறத்தாழ 3 ஜி.பி. கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்னும் சிறு மென்பொருளால் பென் டிரைவில் எழுத வேண்டும். கணினியைத் தொடங்கும்போதே எஃப்12 அல்லது அந்தந்த நிறுவனம் வைத்துள்ள விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்க என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தால் லினக்ஸ் அப்படியே திரையில் வந்துவிடும். வன்தட்டில் ஒரு எழுத்தும் மாறாது. பென் டிரைவை எடுத்துவிட்டுத் தொடங்கினால் பழைய விண்டோஸே வரும். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி அசைகிறதா என்று பத்து நாட்கள் இவ்வாறே சோதித்தோம்.

நிறுவும் நாளுக்கு முன், கோப்புகள் யாவற்றையும் வேறொரு வன்தட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் சோம்பல் கூடவே கூடாது. சில மடிக்கணினிகளில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இருக்கும். அதன் மீட்புச் சாவியையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே லினக்ஸை அமர்த்தும் வசதி நிறுவும்போதே வருகிறது. நாங்கள் முதல் ஆறு மாதங்கள் இரண்டையும் வைத்திருந்தோம். நிறுவுவதற்குப் பிடித்த நேரம் அரைமணிக்கும் குறைவு.

பழக வேண்டியவை சிலவே. சி, டி என்ற டிரைவ்கள் இங்கில்லை; எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் அடைவுகள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் வைத்த கோப்புப் பெயரும் சிறிய எழுத்தில் வைத்த பெயரும் வெவ்வேறாகவே கொள்ளப்படும். மென்பொருட்களைக் கண்ட கண்ட இடங்களிலிருந்து இறக்காமல், மென்பொருள் மேலாளர் என்னும் ஒரே கடையிலிருந்து எடுக்க வேண்டும்; அங்கே விலை கேட்பாரில்லை. எதையேனும் நிறுவும்போது கடவுச்சொல் கேட்கும். என் மகளுக்கு இது எரிச்சலாக இருந்தது. "வீட்டுக் கதவைத் தட்டாமல் எவரும் உள்ளே வரக்கூடாது என்பதற்காகத்தான் அம்மா" என்றேன். "சரி அத்தா, ஆனால் இத்தனை முறையா?" என்றாள். அதுவும் நியாயந்தான்.

தமிழ் எழுதுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகை, ஐபஸ் என்னும் கருவியின் வழியே கிடைக்கிறது. அரபு விசைப்பலகையையும் அமைப்புகளில் சேர்த்துக்கொண்டோம். வலமிருந்து இடமாக எழுதும் வரிகளும் தமிழ் வரிகளும் லிப்ரே ஆபீஸில் ஒரே பக்கத்தில் அமைதியாக நிற்கின்றன. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகள்தாம் தொல்லை. அந்த எழுத்துருவை ஏற்றினால் படிக்கலாம். தேடவும் திருத்தவும் வேண்டுமாயின் யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும். இது லினக்ஸின் குறையன்று. புதிய விண்டோஸிலும் இதே கதைதான்.

உண்மையான குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கணக்குக்கு நாம் பயன்படுத்தும் டேலி, லினக்ஸுக்கென்று வருவதில்லை. ஆகவே நான் கணக்கு எழுதும் கடைகளில் விண்டோஸே இருக்கிறது. உரிய விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ். வீட்டில் செய்யும் பட்டியல்களுக்கு லிப்ரே ஆபீஸ் போதுமானதாயிற்று. சேலைக்கு டிசைன் போட்டு அட்டை அடிக்கும் மென்பொருட்கள் பெரும்பாலும் விண்டோஸையே நம்பியவை. அந்தத் தொழிலில் உள்ளவர்களிடம் மாறுங்கள் என்று நான் சொல்வதில்லை. ஒரு நாள் தறி நின்றால் ஒரு குடும்பத்தின் கூலி நிற்கும். அச்சுப்பொறிகளில் சில, லினக்ஸில் பிடிவாதம் பிடிக்கும். எங்களிடமிருந்த பழைய அச்சுப்பொறியை இயக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. நச்சுநிரல் லினக்ஸை அண்டவே அண்டாது என்று சிலர் சொல்வதையும் நம்பாதீர்கள். குறைவு என்பதே சரி. ஏமாற்றும் மின்னஞ்சலில் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

உதவிக்கு ஆளில்லையே என்ற கவலை நம் பகுதியினருக்கு வேண்டாம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்றே ஒரு குழு இயங்கிவருகிறது. அவர்களின் இணையவழிக் கூட்டங்களில் தமிழிலேயே பேசுகிறார்கள். கேள்வி சிறியதாயினும் நகைப்பதில்லை. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ், எளிய தமிழில் மின்னூல்களை இலவசமாகத் தருகிறது. என் மகள் அவற்றைப் படித்தே, எனக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

சென்ற மாதம் அடுத்த வீட்டுச் சகோதரி, தம் மகன் பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே, மின்கலம் செத்து நெடுநாளாயிற்று. என் மகளே அதில் மின்ட்டை ஏற்றிக் கொடுத்தாள். இணையப் பக்கங்கள் மூன்று, நான்குக்கு மேல் திறந்தால் திணறுகிறது. மின்சாரம் போனால் அணைந்துவிடுகிறது. எனினும் அவ்வீட்டின் இளைய பெண், பத்தாம் வகுப்பு மாணவி, மாலையில் அதில் பாடங்களைத் தட்டச்சிடுகிறாள். அதில் ஏற்றிய மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அதற்குள் இன்ஷா அல்லாஹ் அவள் கல்லூரிக்கே சென்றிருப்பாள்.