தபால்காரருக்கு எதற்கு அலமாரி?

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்குப் பங்களிப்பது என்றால் புதிதாக எதையாவது சேர்ப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இருந்ததைத் தூக்கியெறிய வைத்த ஒரு பங்களிப்பின் கதை இது.

வருடம் 1996. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த எரிக் ரேமண்டுக்கு ஒரு தொல்லை. அவருடைய மடல்கள் இணைய நிறுவனத்தின் சர்வரில் வந்து விழும். அவை தாமாகவே வீட்டுக் கணினிக்கு வந்துவிட்டால் தேவலை என்று நினைத்தார். கார்ல் ஹாரிஸ் எழுதிய பாப்கிளையன்ட் என்ற நிரலைத் திருத்த ஆரம்பித்தார். ஹாரிஸ் பொறுப்பையே அவரிடம் கொடுத்துவிட்டார்.

அந்த நிரல் சர்வரிலிருந்து மடலை எடுத்துவந்து, தானே கோப்பில் எழுதிவைக்கும். கேட்க எளிதுதான். ஆனால் அன்றைய யூனிக்ஸில் ஒருவரின் மடல்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே கோப்பில் வரிசையாக இருக்கும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுதினால் எல்லாம் குழம்பிவிடும். எனவே கோப்பைப் பூட்ட வேண்டும். பூட்டும் முறையோ இடத்துக்கு இடம் வேறு. அதைவிட மோசம், வட்டு நிரம்பியிருந்தால்? இங்கே எழுத முடியாது, அங்கே அழித்தாகிவிட்டது. மடல் போனது போனதுதான்! அது வேலைக்கான கடிதமாகக்கூட இருக்கலாம்.

அப்போது ஹாரி ஹோக்ஹைசர் என்ற பயனர் கொஞ்சம் நிரல் எழுதி அனுப்பினார். யோசனை இதுதான்: மடலை நாம் சேமிக்கவே வேண்டாம். அதே கணினியில் 25ஆம் போர்ட்டில் காத்திருக்கும் எஸ்.எம்.டி.பி. சேவையிடம் ஒப்படைத்துவிடலாம். பூட்டுவதும் எழுதுவதும் அதன் பாடு. அது 'பெற்றுக்கொண்டேன்' என்று சொன்ன பிறகு சர்வரில் அழித்தால் போதும். இடமில்லை என்று மறுத்தால் மடல் சர்வரிலேயே பத்திரமாக இருக்கும். ரசீது கைக்கு வந்த பிறகுதானே சரக்கைக் கணக்கில் கழிப்பார்கள்!

ரேமண்ட் கோப்பில் எழுதும் பகுதியையே நீக்கினார். பிறகு சிலருடைய இணைப்புச் சிக்கலுக்காக, மடலை வேறொரு நிரலிடம் கொடுக்கும் வழியை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டிவந்தது. நிரலின் பெயரும் ஃபெட்ச்மெயில் என்று மாறியது. 1997இல் வெளியிட்ட 'கதீட்ரலும் பஜாரும்' கட்டுரையில் இந்த யோசனை யாருடையது என்று பெயரோடு எழுதினார்.

எத்தனை வரி எழுதினோம் என்று எண்ணுகிறவர்கள், நம்மால் எத்தனை வரி தேவையில்லாமல் போனது என்றும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.