கழிவு நூல்

எங்கள் வீட்டில் மனிதர்களைவிடப் பொருட்களுக்கு உடுப்பு அதிகம். தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று, தண்ணீர்ச் செம்பை மூட ஓரத்தில் பாசிமணி கோத்த வட்டம் ஒன்று, நாற்காலி முதுகுகளுக்குச் சதுரங்கள், வேதப்புத்தகத்துக்கு ஓர் உறை. எல்லாம் வெள்ளை. எல்லாம் அம்மா குரோஷா ஊசியால் பின்னியவை. டிசம்பர் பிறந்ததும் இவை அனைத்தையும் கழற்றித் துவைத்து, நீலம் போட்டு, ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கிப் பாயில் விரித்துக் காயவைப்பாள். மீந்த கஞ்சியில் பின்னல் நட்சத்திரங்கள் ஊறும். அவற்றைப் பலகையில் முனை முனையாகக் குண்டூசி குத்தி விறைக்க வைத்தால், குடிலுக்கு மேலே கட்டித் தொங்கவிடலாம். எங்கள் கிறிஸ்மஸ் முந்திரிக்கொத்து வாசனையோடு கஞ்சி வாசனையும் சேர்ந்தது.

நாகர்கோவிலுக்கு மேற்கே எங்கள் ஊர். அங்கே பல வீடுகளில் பெண்கள் பின்னினார்கள். வீட்டுக்கான பின்னல் கொஞ்சம்தான். மீதி எல்லாம் கூலிப் பின்னல். சனிக்கிழமைகளில் ஏஜென்ட் சைக்கிளில் வருவார். போன வாரம் கொடுத்த நூலுக்குப் பின்னி முடித்த வட்டங்களை எண்ணி வாங்குவார், கைத்தராசில் நிறுப்பார், அடுத்த வாரத்துக்கான நூலை நிறுத்துக் கொடுப்பார். அந்த வட்டங்கள் எந்த ஊர் மேசைக்குப் போயின என்று அம்மாவுக்குத் தெரியாது. கேட்டால் "வெளிநாட்டுக்கு" என்பாள்.

அம்மா பின்னியது பெரும்பாலும் இரவில். பாத்திரம் கழுவி, அடுப்பு மெழுகி, எங்களைப் படுக்கவைத்த பிறகு நாற்பது வாட் பல்புக்குக் கீழே உட்காருவாள். நடுவில் விழித்தால் ஊசியின் கொக்கி நூலை இழுக்கும் சின்னச் சத்தம் கேட்கும். பகலில் யாராவது வேலியோரம் வந்து "என்ன செய்யுதிய?" என்று கேட்டால், கையில் ஊசியும் மடியில் நூல்கண்டுமாக உட்கார்ந்திருப்பவள் சொல்வாள்: "சும்மாதான் இருக்கேன்."

அப்பாவும் அதையே சொல்வார். "அவ சும்மா இருக்குத நேரத்துல பின்னுவா." அதில் ஏளனம் எதுவும் கிடையாது. அவருக்கு அது அப்படித்தான் தெரிந்தது. எங்கள் மூன்று பேரின் பள்ளிக் கட்டணத்தில் அந்தச் சும்மா நேரம் எவ்வளவு கலந்திருந்தது என்று வீட்டில் யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

பதினேழு வயதில் கல்லூரி விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அந்த விண்ணப்பத்தை வாங்கிய பணம் அந்த வாரத்து வட்டங்களின் கூலி.

வீட்டை விட்டு முதுகலை படிக்கப் போனபோது பெண்ணியம் அறிமுகமாயிற்று. கண் திறந்த வேகத்தில் நான் முதலில் பார்த்தது அந்தத் தொலைக்காட்சி உறையைத்தான். வீட்டுக்குள் அடைபட்ட பெண் தன் சிறையை அழகுபடுத்துகிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சிற்றிதழில் கவிதை எழுதினேன். அதில் அம்மா ஒரு சிலந்தி. தானே பின்னிய வெள்ளை வலையில் தானே சிக்கிக் கிடப்பவள். நண்பர்கள் பாராட்டினார்கள். விடுமுறைக்கு வந்தபோது அந்த இதழைப் பெட்டியின் அடியில்தான் வைத்திருந்தேன். துணி எடுக்கப்போன அம்மா அதைப் படித்துவிட்டாள்.

இரண்டு நாள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "செலந்தி வலை பின்னலன்னா பட்டினியில்லா கெடக்கும், மக்களே."

அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கவிதையைப் பின்னால் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஆய்வேட்டுக்காகப் பெண் உழைப்பு பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது மரியா மீஸ் எழுதிய புத்தகம் கைக்கு வந்தது. ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பகுதியின் நர்சாபூரைச் சுற்றி லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய ஆய்வு அது. 1982இல் வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா அங்கே ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்திருந்தது. வணிகர்கள் ஆண்கள். பின்னுகிறவர்கள் பெண்கள். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். முழு விரிப்பு எப்படி இருக்கும், எங்கே போகும் என்பது பின்னுகிற பலருக்குத் தெரியாது. நாள் முழுக்க வீட்டுவேலையும் செய்து, மணிக்கணக்கில் பின்னியும், அந்தப் பெண்கள் தொழிலாளிகளாக எண்ணப்படவில்லை. 'ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தும் இல்லத்தரசிகள்' என்றே எல்லோரும் சொன்னார்கள். ஓய்வு நேரத்து வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி எதற்கு? வணிகரின் லாபம் அந்தச் சொல்லின் மீதுதான் நின்றது என்பதை மீஸ் காட்டுகிறார். 'ஓய்வு நேரம்' என்ற இடத்தில் 'சும்மா' என்று போட்டுப் படித்தேன். எங்கள் வீட்டுத் திண்ணை தெரிந்தது.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. பின்னும் பெண்களில் பலர் வயல் வேலைக்குப் போகாத சாதியினர். வெளியே போவதில்லை என்பது அவர்களது கௌரவம். வயலில் இறங்கிய தலித் பெண்கள் அவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தும், பின்னுகிறவர்கள் தங்களை உயர்வாகவே நினைத்தார்கள். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலையை எங்கள் ஊரில் அண்டி ஆபீஸ் என்போம். அங்கே போகிற பெண்களின் விரல்கள் முந்திரிப்பாலில் கறுத்துப் போயிருக்கும். "நமக்கு அண்டி ஆபீசுக்குப் போகாண்டாம், லேஸ் உண்டு" என்று அம்மா சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிமிர்வு இருக்கும். குறைந்த கூலியைப் பொறுத்துக்கொள்ள வைத்ததில் அந்த வெள்ளை நிறத்துக்கும் பங்குண்டு.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கதை இன்னும் பழையது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார் மார்த்தா. அது குரோஷா அல்ல. திண்டின் மேல் ஊசிகள் குத்தி, பல நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிப் பின்னும் வகை. கொக்கி ஊசிப் பின்னல் பிறகு வந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, பின்னல் கூலியைச் சேர்த்துத் தங்களை விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கே இருந்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் பின்னிய லேஸ் ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துப் பட்டைகளுக்கும் கைவிளிம்புகளுக்கும் போனது. அதே காலத்தில், அதே ஊர்களில், நாடார் பெண்கள் தோளில் சீலை போட்டதற்காகச் சந்தையில் வைத்து அதைக் கிழித்தார்கள். மேலாடை உரிமைக்கான அரச அறிவிப்பு 1859இல்தான் வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. தன் தோளை மூட உரிமையில்லாத ஒரு சிறுமி, கடலுக்கு அப்பால் ஒருத்தியின் தோளுக்கு அலங்காரம் பின்னிக்கொண்டிருந்தாள். அந்தக் கூலியே அவளை அடிமைத்தனத்திலிருந்து மீட்கவும் செய்தது. பின்னலை விலங்கு என்றோ விடுதலை என்றோ ஒரே சொல்லில் சொல்ல எனக்கு இப்போது கை வருவதில்லை.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்புரை அறுவை முடிந்தது. விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. இரண்டு வருடங்களுக்கு முன்பு கிறிஸ்மஸ் விடுமுறையில் போயிருந்தபோது, கஞ்சியில் முக்க அவள் பழைய நட்சத்திரங்களை எடுத்தாள். பாதி நைந்துபோயிருந்தன. "எனக்குச் சொல்லிக்கொடு" என்றேன். நாற்பத்து நான்கு வயதில். அவள் நம்பவில்லை. ஊசிப்பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பவும் என் முகத்தைப் பார்த்தாள்.

நட்சத்திரம் எளிதானது. ஐந்து சங்கிலி போட்டு வளையமாகச் சேர்க்க வேண்டும். வளையத்துக்குள் பதினைந்து டபுள். அடுத்த சுற்றில் ஆறு சங்கிலி நீட்டி, அதன் மேலேயே திரும்பி வரும்போது சின்னத் தையலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினால் ஒரு முனை கிடைக்கும். கீழே இரண்டு தையல் விட்டு மூன்றாவதில் குத்தி நிறுத்த வேண்டும். இப்படி ஐந்து முறை. சொல்ல இவ்வளவுதான். என் முதல் நட்சத்திரம் கிண்ணம் போலச் சுருண்டது. "நூல இறுக்கிப் பிடிக்காத. அது எங்க ஓடப்போவுது?" என்றாள். என் தப்பை அவிழ்க்க ஒரே இழுப்பு போதும். எந்த வரிசையில் தவறினேனோ அதுவரை சரசரவென்று பிரிந்து வரும். முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடம் உட்கார்ந்தவள் நான். ஒரு நட்சத்திரத்துக்கு மூன்று மாலைகள் ஆயின.

அப்போதுதான் கேட்டேன். "உனக்குப் பின்னப் பிடிக்குமா அம்மா?"

"ஏஜென்டுக்குப் பின்னுனது பிடிக்காது. ஒரே வட்டம், ஒரே வட்டம். கனவுலயும் எண்ணுவேன்." கொஞ்சம் யோசித்தாள். "டிவிக்குப் போட்டது பிடிக்கும். அது எனக்க கணக்கு."

அலமாரியில் மடித்து வைத்திருந்த அந்த உறையை எடுத்துவந்தாள். நடுவில் ஒரு பெரிய பூ, சுற்றிலும் மாவிலை போல இலைகள், ஓரத்தில் அலை. எந்தப் புத்தகத்திலும் பார்க்காமல் அவளே எண்ணிக் கட்டிய வடிவம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். "பொறத்திய பாரு" என்று திருப்பினாள். பின்பக்கம் முழுக்க முடிச்சுகள். நூறுக்கு மேல் இருக்கும். நூலிலும் பல வெள்ளைகள்: பால் வெள்ளை, சந்தன வெள்ளை, லேசாக நீலம் ஓடியது.

ஏஜென்ட் ஒவ்வொரு கண்டுக்கும் இத்தனை கிராம் கழிவு என்று கணக்கில் விடுவாராம். பின்னும்போது அறுந்து வீணாவதற்கான கழிவு. அம்மா வீணாக்காமல் பின்னினாள். கழிவுக் கணக்கில் மிஞ்சிய முழமும் சாணுமான நூலை முடிந்து முடிந்து ஒரு டப்பாவில் சுற்றி வைத்தாள். இரண்டு வருடம் சேர்ந்த நூல் அந்த உறை.

நான் சிலந்தி வலை என்று எழுதினேனே, அது இதுதான். ஏஜென்ட் தராசில் ஏறாத ஒரே பின்னல். கூலியும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அவள் வாழ்க்கையில் தனக்கென்று எழுதிய ஒன்றைத்தான் நான் அவள் அடிமைத்தனத்துக்கு உவமையாக்கியிருந்தேன். "அந்தக் கவிதைக்கு மன்னிச்சுக்கோ" என்றேன். "எந்தக் கவித?" என்றாள். மறந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

என் மாணவிகளில் சிலர் இப்போது குரோஷா செய்கிறார்கள். சாவிக்கொத்தில் தொங்கும் சூரியகாந்தி, செல்பேசிப் பை, கிறிஸ்மஸ் மர அலங்காரம். இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள். ஒருத்தியிடம் ஒரு பூவுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "நூல் விலைக்கு மேல முப்பது ரூபா வச்சிருக்கேன் மேம். சும்மா ஹாபிதானே" என்றாள். எவ்வளவு நேரமாகும் என்றால் இரண்டரை மணி நேரம். அந்தச் 'சும்மா' என் வகுப்பறை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டிருந்தது.

கைப்பின்னலைப் போலத் துணி நெய்யும் இயந்திரங்கள் உண்டு. அசல் குரோஷாவை ஆலையில் பின்னித்தள்ளும் இயந்திரம் மட்டும் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. கடையில் மலிவாகத் தொங்கும் ஒவ்வொரு குரோஷா மேல்சட்டைக்குப் பின்னாலும் ஒருத்தியின் விரல்கள் இருக்கின்றன. மலிவான விலை என்றால், அந்த விரல்களின் நேரத்தை யாரோ கணக்கில் விட்டுவிட்டார்கள் என்று பொருள். இதைச் சொன்னபோது அந்த மாணவி தன் பூவைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். மறுவாரம் விலையை மாற்றினாள். வாங்குகிறவர்கள் குறைந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் இன்னும் மாற்றிய விலையில்தான் நிற்கிறாள்.

அம்மாவின் ஊசிப்பெட்டியில் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு இருந்தது. தேதி, வட்டத்தின் எண்ணிக்கை, ரூபாய். பக்கம் பக்கமாக அவளது சாய்ந்த கையெழுத்து. எவ்வளவு நேரம் என்று மட்டும் எங்கும் இல்லை. சென்ற டிசம்பரில் மீந்திருந்த தாள்களில் ஒன்றில் நான்காவதாக ஒரு கட்டம் கீறினேன். அதில் என் நட்சத்திரங்களின் கணக்கை எழுதினேன்: ஒன்று, ஐம்பது நிமிடம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"எனக்கதுக்கும் சேத்துப் போடு" என்றாள்.

"ஒரு வட்டத்துக்கு எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"ரெண்டு ராத்திரி."

முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். 1986 ஜூன். பன்னிரண்டு வட்டம். அவள் சொல்லச் சொல்ல, நான் எழுதத் தொடங்கினேன்.