'எந்த சைஸ் வேணும்?' - டெக்சாஸ் துப்பாக்கிக் கடையில் ஒரு சனிக்கிழமை

ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் இருக்கிறது என் மகள் வீடு. அங்கிருந்து காரில் பத்து நிமிடம் போனால் ஒரு கடை வரிசை. முதலில் டோனட் கடை, அடுத்து நகம் அழகுபடுத்தும் கடை, அதற்கடுத்து பல் டாக்டர். நான்காவது, துப்பாக்கிக் கடை. நம் ஊரில் செல்போன் கடைக்குப் போவதுபோல, சனிக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

நானும் போனேன். வேடிக்கை பார்க்கும் ஆசையில் இல்லை, மகளுக்காக.

அவள் மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். மாப்பிள்ளை அடிக்கடி வெளியூர். போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் வேலை முடிந்து, கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தபோது, யாரோ ஒருவன் பின்னாலேயே வந்திருக்கிறான். இவள் ஓடிப்போய் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். அவன் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால், அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான்: "ஒரு கைத்துப்பாக்கி வாங்கிப் பையில வச்சுக்கோ."

"நீயும் வாம்மா, சும்மா பார்த்துட்டு வரலாம்" என்றாள். ஐந்து வயதுப் பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்தவர்கள், சட்டப்படி தடை எதுவும் இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியைக் கூடவே எடுத்துச் செல்லலாம். மகள் கிரீன் கார்டு வைத்திருப்பதால் அவளும் வாங்கலாம். என் கதை வேறு. சுற்றுலா விசாவில் வந்தவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியை வைத்திருக்க மத்திய அரசின் சட்டம் அனுமதிப்பதில்லை. கையில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதற்கும் அதே கதிதான். "நீங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கமே இருங்க" என்று சிரித்தபடி சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் நிம்மதிதான்!

உள்ளே நகைக்கடை போல நீளமான கண்ணாடிப் பெட்டிகள். வெல்வெட் துணி விரித்து, விளக்குப் போட்டு, வரிசையாகத் துப்பாக்கிகள். விற்பனை செய்த இளைஞர் கேட்ட முதல் கேள்வி, "என்ன காலிபர் பார்க்கிறீங்க?"

காலிபர் என்பது தோட்டாவின் குறுக்களவு. அதை ஒட்டித்தான் ரகங்களின் பெயர்கள். பாயின்ட் 45 என்றால் ஒரு அங்குலத்தில் 100க்கு 45 பங்கு, அதாவது சுமார் பதினொன்றரை மில்லிமீட்டர். 9 எம்.எம். என்றால் பெயரிலேயே அளவு இருக்கிறது. பாயின்ட் 380 என்பதும் குறுக்களவில் கிட்டத்தட்ட 9 எம்.எம்.தான், ஆனால் தோட்டாவின் கூடு குட்டை, வேகமும் குறைவு. பாயின்ட் 38 ஸ்பெஷல், சுழலும் ரிவால்வருக்கானது. பாயின்ட் 22தான் இவற்றில் சின்னது.

எடையை 'கிரெய்ன்' கணக்கில் சொல்கிறார்கள். நாம் குன்றிமணியை வைத்துப் பொன் நிறுத்த மாதிரி, தானிய மணியை வைத்து வந்த பழைய அளவு. மனதுக்குள் கிராமாக மாற்றிப் பார்த்தேன். 9 எம்.எம். குண்டுகளில் 124 கிரெய்ன் ஒரு வழக்கமான எடை. கணக்குப் போட்டால் 8 கிராம். சரியாக ஒரு பவுன்! பாயின்ட் 45 குண்டு 230 கிரெய்ன். இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு குழந்தையின் காதுக்கும் கழுத்துக்கும் ஆகிற எடை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகளை நகைக்கடையோடு ஒப்பிட மனசு வரவில்லை.

எது நல்லது என்று கேட்டதுதான் தாமதம், கடையில் பட்டிமன்றமே தொடங்கிவிட்டது. ஒரு தாத்தா பாயின்ட் 45 கட்சி. அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்டு, 1985 வரை முதன்மைக் கைத்துப்பாக்கியாக வைத்திருந்த ரகம் அது. "பெரிய குண்டுதான் ஆளை நிறுத்தும்" என்றார். இளைஞர் 9 எம்.எம். கட்சி.

மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த பயிற்சியாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. இந்தச் சண்டையின் பழங்கதையை அவர்தான் சொன்னார். 1986 ஏப்ரல் 11 அன்று, மியாமி அருகே இரண்டு கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் மடக்கினார்கள். ஒரு கொள்ளையனுக்குள் பாய்ந்த 9 எம்.எம். குண்டு, இதயத்தை எட்டாமல் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள்.

அதன்பிறகு எஃப்.பி.ஐ. குண்டுகளைச் சோதிக்கும் முறையையே மாற்றியது. மனிதத் தசைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டு, 12 முதல் 18 அங்குலம் வரை குண்டு உள்ளே போகிறதா என்று பார்த்தார்கள். பெரிய 10 எம்.எம். வந்தது, பலருக்கு அதன் உதைப்பு தாங்கவில்லை. 1990இல் பாயின்ட் 40 வந்தது. கடைசியில், 2014இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவே மறுபடியும் 9 எம்.எம். போதும் என்றது. குண்டுகளின் வடிவமைப்பு முன்னேறிவிட்டது, காயத்தில் பெரிய வித்தியாசமில்லை, உதைப்பு குறைவு, குறி தவறுவதும் குறைவு என்பது காரணம். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. துப்பாக்கிச் சண்டைகளில் போலீஸார் சுடும் 100 குண்டுகளில் 70 முதல் 80 வரை குறி தவறுகின்றன.

"பயிற்சி எடுத்தவங்களுக்கே அப்படின்னா, நமக்கு?" என்று அந்தப் பெண்மணி கேட்டபோது, தாத்தாவும் பேசவில்லை.

நம் நாட்டில் இந்தப் பட்டிமன்றத்துக்கே இடமில்லை. 9 எம்.எம். பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். உரிமம் வாங்கியவர்களுக்கும் பாயின்ட் 32 போன்றவைதான்.

மகள் காதுக்கும் கண்ணுக்கும் கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். 21 அடி தூரத்தில் காகித மனிதன். தடித்த கண்ணாடியையும் தாண்டி, ஒவ்வொரு வெடியும் என் நெஞ்சுக்கூட்டில் அடித்தது.

முதலில் கைப்பைக்கு ஏற்ற குட்டி பாயின்ட் 38 ரிவால்வர். 'பெண்களுக்கு வசதி' என்று பலரும் சொல்வது. அது உதைத்த உதையில் அவள் கை மேலே போனது. ஐந்தில் ஒரு குண்டுதான் காகிதத்தில் பட்டது. அடுத்து குட்டி பாயின்ட் 380. அதுவும் உள்ளங்கையைச் சுள்ளென்று கடித்ததாம். துப்பாக்கி எடை குறையக் குறைய உதைப்பு கையில்தான் இறங்கும் என்றார் பயிற்சியாளர். மூன்றாவது, கொஞ்சம் கனமான 9 எம்.எம். பத்தில் ஏழு காகிதத்தில் பட்டன. "நல்லா கட்டுப்படுத்தி, திரும்பத் திரும்பக் குறி தவறாம சுட எது முடியுதோ, அதுதான் உங்க காலிபர்" என்றார். விவாதம் முடிந்தது. வெளியே வந்தவள் முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிவு. வாங்கிவிடுவாள் என்றே நினைத்தேன்.

அப்போது பயிற்சியாளர் கேட்டார்: "உங்களுக்குப் பயம் வர்ற இடம் எது?"

"ஆஸ்பத்திரிக்கும் காருக்கும் நடுவுல இருக்கிற தூரம்."

"ஆஸ்பத்திரி வாசல்ல போர்டு இருக்கா?"

இருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன். துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் எழுதிய பலகை. அப்படியென்றால் துப்பாக்கியைக் காரிலேயே பூட்டி வைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போக வேண்டும். திரும்பி வரும்போது அவள் பயப்படும் அந்தத் தூரத்தை வெறுங்கையோடுதான் நடக்க வேண்டும். ஒரு மணி நேரமாகக் குறுக்களவு பேசிய எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை.

"அப்போ வீட்டுல?" என்றாள் மகள்.

இங்கே வீடுகளின் உள்சுவர் நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. இந்த ரகங்களில் எதுவானாலும் அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும். மகளின் படுக்கையறைக்கு அடுத்த அறை பேத்தியுடையது. குண்டு நிரப்பிய துப்பாக்கியை 17 வயதுக்கு உட்பட்டவர்கள் கைக்கு எட்டும்படி விட்டால் டெக்சாஸிலும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள், பாட்டிக்கு எட்டாத இடமெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறுகிறவள் எங்கள் பேத்தி.

அன்று மகள் எதுவும் வாங்கவில்லை. "வாங்கவே கூடாதுன்னு சொல்லலம்மா. யோசிக்கணும்" என்றாள். அந்தப் பெண்மணியும் வற்புறுத்தவில்லை. வாங்குவதானால் முதலில் பூட்டுப் பெட்டி, பிறகு பயிற்சி, அதற்குப் பிறகு துப்பாக்கி என்று வரிசை சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை மகள் செய்தது ஒரு சின்ன காரியம். மருத்துவமனைப் பாதுகாவலர் அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்டாள். நைட் ஷிஃப்ட் முடிபவர்கள் சொன்னால், கார் வரை ஒருவர் கூட வருவாராம். இத்தனை நாளாக இது அவளுக்குத் தெரியாது. இப்போது தினமும் கூப்பிடுகிறாள். காருக்குள் ஏறியதும் எனக்கும் ஒரு போன் வருகிறது. அந்த நேரம் நான் காபி டிகாஷன் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டோம். மகள் சுட்ட காகிதம் காரின் பின்சீட்டிலேயே கிடந்தது. பேத்தி அதை விரித்து, ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டபடி கேட்டாள், "பாட்டி, இந்த மாமா யாரு? ஏன் இவ்ளோ ஓட்டை?"

என்னிடம் பதில் இல்லை. அதை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.