கைப்பிடி இல்லாத அரம்



"மலருக்கு ஒரு கட்டுரை குடுடா, நீதான் கம்ப்யூட்டர்ல பொம்மை போடுறவனாச்சே!" என்று பேரவைச் செயலாளர் மெஸ் வாசலில் என்னை மடக்கியபோது தப்பிக்க வழி தெரியவில்லை. பொம்மை போடுவது எப்படி என்று எழுதலாம். ஆனால் என் பொம்மையைப் பார்த்து நாலு பேர் சொன்னதையும், அடுத்தவர் பொம்மையைப் பார்த்து நான் உளறியதையும் எழுதுவதுதான் நியாயம் என்று படுகிறது. மெக்கானிக்கல் மாணவன் எழுதுவது. சந்திப் பிழைகளை மன்னிக்கவும்.

2024-ல் எங்கள் டிபார்ட்மெண்ட் விழாவுக்குப் போஸ்டர் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, அறை நண்பனின் கம்ப்யூட்டரில், கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் ஒரு கேரக்டர் வரைந்தேன். பெயர் 'சுத்தியல் சுந்தரி'. ஃபிட்டிங் ஷாப்பில் வைஸ் முன்னால் நின்று இரும்பை அராவுகிறாள். கண்ணில் அனல், காற்றில் பறக்கும் பின்னல். அந்தத் தலைமுடிக்கு மட்டும் பதினோரு லேயர்!

ஹாஸ்டலில் காட்டினேன். "சூப்பர் மாப்ளே!", "பின்னிட்டடா!", "யாருடா இது, இ.சி.இ. பொண்ணு மாதிரி இருக்கு?" அவ்வளவுதான் விமர்சனம். இதைக் கேட்டுக்கொண்டே எத்தனை நாள் வேண்டுமானாலும் சந்தோஷமாக இருக்கலாம், படத்தில் ஒரு கோடுகூட மாறாது. (சொன்னவர்களே, அடிக்க வராதீர்கள். டீ வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்தான்.)

போஸ்டரை ஒர்க்ஷாப் வாசலில் ஒட்டினோம். அங்கே சார் ஒருவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"யார்ரா போட்டது?"

"நான்தான் சார்." குரலில் கொஞ்சம் பெருமை.

"இந்தப் பொண்ணு நாளைக்கு ஆஸ்பத்திரியில இருக்கும்."

பேட்ச் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அரத்துக்குக் கைப்பிடி எங்கடா? ஒரு தள்ளு தள்ளினா அந்தக் கூரான டேங் நேரா உள்ளங்கையில இறங்கிடும். ரெண்டு காலையும் சேர்த்து வெச்சு என்.சி.சி. அட்டென்ஷன்ல நிக்கிறா. வைஸ் நெஞ்சு உயரத்துல இருக்கு. மூணு வருஷமா இங்க என்ன பார்த்தே?"

எனக்கு வந்த கோபம்! ஓவியத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று அறையில் வந்து குதித்தேன். அப்போதுதான், எப்போதோ படித்த அப்பெல்லிஸ் கதை ஞாபகம் வந்து தொலைத்தது. அலெக்சாந்தர் காலத்து கிரேக்க ஓவியர் அவர். வரைந்த படத்தை வெளியே வைத்துவிட்டு, பின்னால் ஒளிந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் பேசுவதைக் கேட்பாராம். ஒரு செருப்புத் தைப்பவர், 'செருப்பு வாரில் ஒரு வளையம் குறைகிறதே' என்றார். அப்பெல்லிஸ் திருத்திவிட்டார். மறுநாள் அதே ஆள் தைரியம் வந்து காலையே குறை சொல்ல, 'செருப்போடு நிறுத்திக்கொள்' என்றாராம். ரோமானியரான ப்ளினி எழுதி வைத்த கதை. எல்லோரும் இரண்டாம் நாளைத்தான் சொல்லிச் சிரிக்கிறோம். எனக்கு அன்று ராத்திரி முழுக்க முதல் நாள்தான் உறுத்தியது.

மறுநாள் சாரிடம் போனேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. வைஸ் முன்னால் போய் நின்று காட்டினார். வைஸ் முழங்கை உயரம். இடது கால் முன்னே, வலது கால் பின்னே. வலது கையில் கைப்பிடி, இடது உள்ளங்கை அரத்தின் நுனியில். "முன்னாடி தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது அழுத்தாதே. உடம்பே முன்னாடி போகணும், கை மட்டும் இல்ல." அதை மொபைலில் எடுத்துவந்து சுந்தரியை மறுபடி நிற்க வைத்தேன். நண்பர்களே, அதிசயம் என்னவென்றால், கால் மாறியதும் அவளுக்கு எடை வந்துவிட்டது. வேகம் தெரியட்டும் என்றுதான் பின்னலைப் பறக்கவிட்டிருந்தேன். இப்போது அது தேவைப்படவில்லை. முடி லேயர்களில் நாலை அணைத்துவிட்டேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல பிள்ளை ஆகியிருப்பேன். ஆனால் வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்குக் கொடுக்கவும் ஆசை வருமே! 1930களில் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் பென்சில் படங்களை ஓடவிட்டுப் பார்த்துக் குறை சொல்லும் சின்ன அறைக்கு 'ஸ்வெட் பாக்ஸ்' என்று பெயர். உள்ளே போனவர்களுக்கு வியர்த்ததாம். நான் என் அறையையே ஸ்வெட் பாக்ஸ் ஆக்கினேன். கம்ப்யூட்டர் படத்தில் ஒரு வசதி: மேலே புது லேயர் போட்டுச் சிவப்பில் கோடு இழுக்கலாம், கீழே இருக்கும் அசலுக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்பதாலேயே கை நீளும்.

சிவில் முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி ஒரு முதியவரின் படத்தை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தாள். "அண்ணா, பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அவள் வகுப்புப் பெண்கள் சுற்றி நின்றார்கள். எனக்குக் கேட்கவா வேண்டும்! கழுத்து நீளம், காது கீழே, உடம்பு ஏழரைத் தலை அளவு வரவில்லை... 'எம்' பட்டனை அழுத்தினால் கிரிட்டாவில் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பும். அப்படித் திருப்பிக் காட்டி, "பாரு, வலது தோள் எவ்வளவு இறங்கிக் கிடக்கு!" என்று சொல்லி, இரண்டு தோளையும் ஸ்கேல் வைத்த மாதிரிச் சிவப்பில் நேராக்கினேன். பதினேழு இடத்தில் சிவப்பு. அவள் "சரிங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மாதம் அவள் ஒன்றும் வரையவில்லை. என் வகுப்பு நண்பனின் தங்கை அவளோடு படிக்கிறாள். அவள் மூலமாகத்தான் விஷயம் வந்தது. அந்த முதியவர் அவளுடைய தாத்தா. அரிசி மண்டியில் நாற்பது வருடம் மூட்டை சுமந்தவர். எல்லாம் வலது தோளில்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. படத்தில் அவர் வாழ்க்கை இருந்த ஒரே இடத்தை நான் நிமிர்த்திவிட்டேன். சார் சுந்தரியின் உடம்பைப் பார்த்துப் பேசினார். நான் பார்த்தது கோட்டை மட்டும்தான். யார் இவர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

கேண்டீனில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கும் அப்ப சொல்லத் தெரியலண்ணா" என்றாள். ஒரு வாரம் கழித்து பென் டிரைவில் அதே ஃபைலைக் கொண்டுவந்தாள். என் சிவப்பு லேயர் அப்படியே இருந்தது. என்னையே அழிக்கச் சொன்னாள். அழித்தேன்.

"காது மட்டும் நீங்க சொன்னது சரிதான், மாத்திட்டேன். வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியல, பார்த்துச் சொல்லுங்க."

வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டு, "தாத்தா இப்ப எங்கே உட்கார்ந்திருக்கார்?" என்று கேட்டேன்.

"திண்ணையிலண்ணா. சாயங்காலம். மண்டியிலேர்ந்து வந்து இன்னும் துண்டைக்கூட எடுக்கல."