ரப்பர் முறுகக்கூடாது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் சென்னை மெக்கானிக்குகளுக்கு இன்னொரு பருவம் தொடங்கிவிடும். தண்ணீர் தேங்கிய சாலையில் பள்ளம் எது மேடு எது என்று தெரியாமல் ஓடிய வண்டிகள் எல்லாம் ‘முன்னாடி கடகடன்னு சத்தம் வருது’ என்ற ஒரே புகாரோடு வந்து நிற்கும். வீடு தேடிப் போய் சஸ்பென்ஷன் வேலை பார்த்துக் கொடுக்கும் மெக்கானிக் ஒருவரோடு குரோம்பேட்டைக்குப் போயிருந்தேன். வயது ஐம்பதைத் தாண்டியவர். பட்டறை கிடையாது, பழைய ஆம்னி வேனில் ஜாக்கி, ஸ்டாண்டு, சாக்கெட் பெட்டி, சுத்தியல்கள், ஒரு கடப்பாரை. கூட ஒரு இளைஞர்.

வண்டி, 2005இல் இங்கே அறிமுகமான முதல் தலைமுறை ஸ்விஃப்ட். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவருடையது. கணவரை டயாலிசிஸுக்கு அவரே ஓட்டி அழைத்துப் போய் வருகிறார். “பள்ளத்துல இறங்குறப்பல்லாம் அவரு பல்லைக் கடிச்சுக்கிறாரு தம்பி” என்றார். மெக்கானிக் தலையசைத்தார். ஸ்பேனரைத் தொடவில்லை. “வாங்கம்மா, ஒரு ரவுண்டு போலாம்” என்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

தெருமுனை வேகத்தடையில் ஒருமுறை நேராக ஏற்றச் சொன்னார். ஒருமுறை ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டு ஏற்றச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். இந்தத் தொழிலின் கடினமான பகுதி இதுதான் என்று எனக்குப் பட்டது. லிங்க், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் மவுண்ட், டை ராட் எண்டு என்று எது தேய்ந்தாலும் ஓட்டுகிறவர் காதுக்கு ஒரே கடகடதான். எது என்று தெரியாதவர் ஐந்தையும் மாற்றுவார். பில் ஏறும், சில சமயம் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

வாசலுக்குத் திரும்பியதும் சிமெண்ட் தரை பார்த்து வண்டியை நிறுத்தினார். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் இறக்கினார்கள். கழற்றிய சக்கரமும் வண்டிக்கு அடியிலேயே படுத்தது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கைகூட நீட்டமாட்டாராம். சக்கரத்தைக் கழற்றுமுன் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்: பால் ஜாயிண்டில் பிளே. இடமும் வலமும் பிடித்து ஆட்டினார்: டை ராட் எண்டிலும் ஆட்டம். கடப்பாரையை லோயர் ஆர்முக்கு இடையில் கொடுத்து நெம்பியபோது புஷ்ஷின் ரப்பர் வாய் பிளந்தது. வலப்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. மவுண்டும் லிங்கும் நல்லபடி இருக்கின்றன, தொடவேண்டாம் என்றார்.

பால் ஜாயிண்டின் மேல்தோல் கிழிந்திருந்ததைக் காட்டினார். உள்ளே கிரீஸில் மிதக்கும் எஃகுக் குண்டு. மேலே ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்த அன்றே தண்ணீரும் மணலும் உள்ளே போய்விடும். பிறகு குண்டு தன் குழியைத் தானே அரைத்துக்கொள்ளும். முற்றவிட்டால் ஓடும்போதே கழன்று சக்கரம் வெளியே சாயும். ஒரு சின்னச் சாமானில் உயிர் தொங்குகிறது.

டை ராட் எண்டின் தண்டு கூம்பு வடிவம். ஆண்டுக்கணக்கில் துருவோடு இறுகிக் கிடந்தது. இளைஞர் தண்டின் நுனியில் அடிக்கப் போனார். “மரையில அடிச்சா மரை போச்சுடா. பக்கத்துல அடி.” தண்டு உட்கார்ந்திருக்கும் துளைக்கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கம் ஓங்கி இரண்டு அடி. கண் ஒரு கணம் நெளிந்து கொடுக்க, தண்டு சட்டென்று கீழே இறங்கியது. எத்தனை சுற்றில் பழையது கழன்றது என்று எண்ணி, புதியதை அதே சுற்றில் ஏற்றினார்.

ஸ்ட்ரட்டுக்கு வந்தபோது பேச்சு நின்றுவிட்டது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கிய இந்த அமைப்புக்கு அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மெக்ஃபெர்சன் 1953இல் காப்புரிமை பெற்றார். சின்னக் கார்களுக்கு இடத்தை மிச்சப்படுத்திய யோசனை. ஆனால் அந்த ஸ்பிரிங் அமுக்கப்பட்ட நிலையிலேயே உள்ளே இருக்கிறது. அதைக் கட்டாமல் உச்சி நட்டைக் கழற்றினால் பீரங்கிக் குண்டுபோல் பாயும். எதிரெதிரே இரண்டு கம்ப்ரசர்களை மாட்டி, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினார். முகத்தை அதன் நேருக்கு ஒருமுறைகூடக் கொண்டுபோகவில்லை. “அண்ணே, நான் பண்ணட்டுமா?” “இது மட்டும் வேணாம். தள்ளி நில்லு.” கம்ப்ரசர் இல்லாமல் கயிற்றால் கட்டிச் சமாளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் பழகிப் பார்க்கிற ஆசை உள்ளவர்கள் இந்த ஒரு வேலையை ஆள் வைத்தே செய்துகொள்ளவேண்டும். கசிந்தது ஒன்றுதான் என்றாலும் ஷாக் அப்சார்பரை இரண்டு பக்கமும் மாற்றினார். இல்லையென்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்குமாம்.

பால் ஜாயிண்டும் புஷ்ஷும் சேர்ந்த புது ஆர்மை மாட்டியாயிற்று. போல்ட்டுகளை இறுக்குவதோடு வேலை முடிந்தது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவரோ ஆர்ம் போல்ட்டைக் கையிறுக்கத்தோடு விட்டுவிட்டு, ஜாக்கியை ஆர்மின் நுனிக்கு அடியில் கொடுத்து, வண்டியின் கனம் சக்கரப் பக்கம் இறங்கும்வரை தூக்கினார். ஸ்டாண்டு தன் இடத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகே ஸ்பேனர்.

“சார், புஷ்ஷுக்குள்ள பேரிங் கெடையாது. ரப்பரே முறுகித்தான் ஆர்ம் ஏறி இறங்குது. சக்கரம் தொங்குறப்ப இறுக்கிட்டா, வண்டி தரையில நிக்கிற நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கிட்டே கெடக்கும். சீக்கிரமே கிழிஞ்சிரும்.”

அவசரத்தில் பலரும் தொங்கவிட்டே இறுக்குகிறார்கள். வண்டி அன்றைக்குச் சத்தமில்லாமல்தான் போகும். காலத்துக்கு முன்னால் ரப்பர் கிழியும்போது பழி கம்பெனி மீது விழும், ரோடு மீது விழும். போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. யாரும் பார்க்காத இடத்திலும் சரியாகச் செய்யும் இந்த மனிதருக்குக் கிடைக்கும் கூலி, ஜி.பி. ரோட்டில் வாங்கிவந்த சாமான்களின் விலையில் கால்பங்குகூட இல்லை. அந்த அம்மாவே அதைக் கவனித்து, “சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சதுக்கு என்ன தம்பி போட்டே?” என்றார். அதற்கென்று தனியாகக் காசு வாங்குவதில்லை என்றார் அவர். வாங்கவேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

பழைய ஆர்மையும் டை ராட் எண்டையும் அட்டைப்பெட்டியில் போட்டு அந்த அம்மாவிடமே கொடுத்தார். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. நாளைக்கே வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடவேண்டும், சுற்றை எண்ணி ஏற்றியது கடைவரை போய்ச் சேரத்தான், பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒரு ஓரமாகத் தேயும் என்று இரண்டுமுறை சொன்னார். டயாலிசிஸ் என்றைக்கு என்று கேட்டார். மறுநாள் மதியம் என்று தெரிந்ததும், காலையில் கடை திறக்கும்போது தானே வண்டியை எடுத்துப் போய் அலைன்மெண்ட் பார்த்துக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.