கிழக்கேகோட்டையும் இரும்புச் சட்டியும்

திருவனந்தபுரம் மத்திய இரயில் நிலையத்தில் இறங்கும் நம்மவருள் பெரும்பாலோர் முதலில் நாடிச் செல்வது கிழக்கேகோட்டையையே. தம்பானூரிலிருந்து ஓவர்பிரிட்ஜ் சந்திப்புக்கு வந்து தெற்கே திரும்பினால், பழவங்காடி கணபதி கோவிலில் தேங்காய் உடைபடும் ஓசை காதில் விழும். இன்னும் சற்று நடந்தால் வலப்புறம் கோட்டை வாயில். அதனுள்ளே பத்மதீர்த்தமும் ஸ்ரீ பத்மநாப சுவாமி கோவிலும். இடப்புறம் திரும்பினால் சாலைக் கடைத்தெரு. கோவிலைப் பற்றியும் குதிரைமாளிகையைப் பற்றியும் அழகாக எழுதியவர்கள் பலர். ஆகவே நான் எடுத்துக்கொண்டது இடப்புறத்து விஷயம். அதிலும் அடுக்களை விஷயம். இரயில்வே குமாஸ்தா ஒருவன் சட்டி பானையைப் பற்றி எழுதப் புகுந்தானே என்று நகைப்போர் நகைக்கட்டும்.

சாலைக் கடைத்தெருவை அமைத்தவர் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய இராஜா கேசவதாஸ் ஆவார். தர்மராஜா என்று போற்றப்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் அரசு செலுத்திய காலம் அது (1758–1798). திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த வணிகர் பலர் இங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தி வருகின்றனர். “அண்ணாச்சி” என்று சற்று உரக்க விளித்தால் பத்துக் கடைகளிலாவது தலைகள் நிமிரும். செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் இருப்புப்பாதை 1904-ல் திறக்கப்பெற்றது. தம்பானூருக்கு இரயில் வந்தது 1931-ல். நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிப் பாதை 1979-ல். இவ்வழிகளில் பிழைப்பை நாடி வந்த குடும்பங்களின் மூட்டைகளைப் பிரித்தால், துணிமணிகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒரு தோசைக்கல் இருக்கும். தாயோ மாமியாரோ கொடுத்தனுப்பியதாக இருக்கும்.

அந்தக் கல் இப்போது எங்கே இருக்கிறது என்று நம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். “துருப்பிடித்துவிட்டது, எடைக்குப் போட்டுவிட்டோம்” என்ற விடையே பல இல்லங்களில் கிடைக்கும். இக்கட்டுரை எழுத என்னைத் தூண்டியது அந்த விடைதான்.

சாலையில் பாத்திரக் கடைகளின் முன்னே பித்தளைக் குடங்களும் வெண்கல உருளிகளும் பளபளவென்று மின்னும். எவர்சில்வரோ கூரை வரை அடுக்கப்பட்டிருக்கும். இரும்புச் சாமான்கள் மட்டும் ஒரு மூலையில், சாக்கின்மேல், கறுத்த முகத்தோடு கிடக்கும். தோசைக்கல், ஆப்பச்சட்டி, குழிப்பணியாரச் சட்டி, வாணலி ஆகியவற்றை அங்கே காணலாம். புதிதாக வந்தவர்கள் இங்குள்ள பெயர்களை அறிந்துகொள்ளுதல் நலம். நமது வாணலி இங்கே சீனச்சட்டி. நம் தென் மாவட்டங்களிலும் இப்பெயர் உண்டு. பணியாரச் சட்டியை உண்ணியப்பக்கார என்பார்கள். “வார்ப்பு வேண்டும்” என்று மொட்டையாகக் கேட்டால், கடைப்பையன் பாயசம் காய்ச்சும் பெரிய வெண்கலப் பாத்திரத்தைக் காட்டுவான். மலையாளத்தில் வார்ப்பு என்பது அதற்குரிய பெயர். “வார்ப்பிரும்பு” என்று முழுமையாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இரும்பிலும் இரு வகை உண்டு. ஒரு கடையில் முதியவர் ஒருவரிடம், “அண்ணாச்சி, இது வார்ப்பா, தகடா?” என்று கேட்டேன். “தூக்கிப் பாருங்க தம்பி, கையே சொல்லிடும்” என்றார் அவர். உண்மைதான். தகட்டு இரும்பு மெலிந்தது. விரைவில் சூடேறும், விரைவில் ஆறும், அடி நெளியும். வார்ப்பிரும்பு கனத்தது, மணல் அச்சின் சொரசொரப்பு அதன் புறத்தே தெரியும். சூடேறத் தாமதமாகும், ஏறிய சூட்டை எளிதில் விடாது. அடுத்தடுத்துப் பத்துத் தோசை வார்த்தாலும் பத்தும் ஒரே முறுகலாக வருவதன் இரகசியம் இதுவே. பின்னர் அவர் சட்டியை ஒரு விரலில் தொங்கவிட்டுக் கரண்டிக் காம்பால் தட்டிக் காட்டினார். கணீரென்று ஒலித்தால் நல்லது. கட்டையாக ஒலித்தால் எங்கோ விரிசல் உள்ளது என்பது அவர் கணக்கு.

வார்ப்பிரும்பின் குணத்தை இரயில்வேக்காரர் நன்கு அறிவர். உருகிய இரும்பை அச்சில் ஊற்றிப் பாத்திரம் செய்யும் கலையில் சீனர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்திருந்தனர். சீனச்சட்டி என்ற பெயரே ஒரு பழைய கடல் வாணிகத்தின் நினைவு எனலாம். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707-ல் காப்புரிமை பெற்றார். கோல்புரூக்டேல் என்னும் ஊரில் அவர் நிறுவிய அதே ஆலையில்தான், அவர் காலத்துக்குப் பின் 1767-ல், இரும்புத் தண்டவாளங்கள் வார்க்கப்பெற்றன. சோற்றுப் பானையும் தண்டவாளமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நான் அலுவலகத்தில் சொன்னபோது, நண்பர்கள் நம்ப மறுத்தனர்! 1804-ல் வேல்ஸ் நாட்டுப் பெனிடாரனில் டிரெவிதிக்கின் நீராவி எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் அதன் பாரம் தாங்காமல் உடைந்தன. நம் நாட்டு இருப்புப்பாதைகளிலும் சி.எஸ்.டி.-9 என்ற வார்ப்பிரும்பு ஸ்லீப்பர்கள் நெடுங்காலம் கிடந்தன. அவற்றின் இடத்தைப் பின்னர் கான்கிரீட் பிடித்துக்கொண்டது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கரிச்சத்து கலந்திருப்பதால் அதற்குக் கடினம் உண்டு, நெகிழ்ச்சி இல்லை. வளையாது, உடையும்.

ஆகவே நம் சகோதரிகள் நினைவில் வைக்க வேண்டியவை சில. கொதிக்கும் கல்லின்மேல் குளிர்ந்த நீரைக் கொட்டலாகாது, விரிசல் காணும். கைதவறிச் சிமெண்டுத் தரையில் போடலாகாது. இடமாற்றம் வந்து சாமான் கட்டும்போது, சட்டியைப் பழைய துணியில் சுற்றி மெத்தைக்கும் தலையணைக்கும் நடுவே வைத்துக் கட்டுவது உத்தமம்.

இனித் துருவைப் பற்றிக் கூறுவோம். பாளையங்கோட்டையில் பத்து நாள் எடுக்காமல் வைத்த தோசைக்கல் வைத்தபடியே இருக்கும். இங்கே அப்படி இராது. இவ்வூரின் ஆண்டு மழை சுமார் 1,800 மில்லிமீட்டர். பாளையங்கோட்டையின் மழையைவிட இரு மடங்குக்கும் மேல். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கடலும் சில மைல் தொலைவிலேயே உள்ளது. ஈரமும் உப்புக் காற்றும் இரும்புக்குப் பகை. ஊரில் அம்மா செய்தபடியேதான் செய்கிறேன், ஆனால் கல் கெட்டுவிடுகிறது என்று வருந்தும் பெண்கள் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. மாறியது காற்று, அதற்கேற்ப முறையையும் சிறிது மாற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பத்தார் பாலக்காட்டுக்கு மாற்றலாகிப் போகையில், பழைய இரும்பு வாங்குபவர் வாசலில் தராசுடன் நின்றார். உடைந்த வாளி, பழைய சைக்கிள் சட்டம் ஆகியவற்றோடு ஒரு பணியாரச் சட்டியும் தட்டில் ஏறிவிட்டது. ஏழு குழிகளும் செக்கச்செவேலென்று துரு. அந்தப் பெண்ணின் மாமியார் அம்பாசமுத்திரத்திலிருந்து கொண்டுவந்த சட்டி அது, அவ்வம்மையார் காலமாகிவிட்டார். என் தாயார் அவ்வழியே வந்தவர், “ஏட்டி, நாலு நாள் பொறு, நான் தாறேன்” என்று சட்டியைத் தராசிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணோ, “அத்தை, இதுல இனி என்ன இருக்கு?” என்றாள்.

தாயார் செய்தது இதுதான். முதல் நாள் கல்லுப்பும் தேங்காய் நாரும் கொண்டு குழிகுழியாகத் தேய்த்தார். மேல்துரு உதிர்ந்தது. பிறகு புளித்த சோற்றுக் கஞ்சியை நிரப்பி இரவு முழுதும் வைத்தார். கஞ்சியின் மெல்லிய புளிப்பு துருவை இளக்கும். காலையில் தேய்த்தால் செந்நீராக வெளியேறும். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் செங்கற்பொடி இட்டுத் துலக்கியதும் சாம்பல் நிறத்தில் இரும்பின் மெய் தெரிந்தது. கஞ்சிக்குப் பதிலாக வினிகரும் நீரும் சரிபாதி கலந்து ஊற்றலாம். ஆனால் அரை மணிக்கு மேல் விடாமல் கவனிக்க வேண்டும், இல்லாவிடில் புளிப்பு இரும்பையே அரிக்கத் தொடங்கும். துரு போனதும் கழுவி, உடனே அடுப்பில் ஏற்றி, ஒரு சொட்டு ஈரமும் இன்றிக் காய்ச்சிவிட வேண்டும். துலக்கிய இரும்பு இம்மழை நாட்டில் ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் சிவக்கத் தொடங்கும்.

நான்காம் நாள் செய்ததைத்தான் நம்மவர் “பழக்குதல்” என்றும் மலையாளிகள் “மயக்குதல்” என்றும் சொல்கின்றனர். இரு சொற்களும் எனக்குப் பிடித்தவை. மாட்டைப் பழக்குவது போலச் சட்டியைப் பழக்குகிறோம் நாம். அவர்களோ அதை மயக்கியே விடுகின்றனர்! செய்முறை ஒன்றே. எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, தடவியதே தெரியாதபடி துணியால் துடைத்தெடுத்து, இலேசாகப் புகை எழும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். இவ்வாறு நான்கைந்து முறை. சூட்டில் எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி இறுகி, இரும்பின்மேல் கறுத்த மெல்லிய தோலாகப் படிகிறது. மாவு ஒட்டாமல் காப்பதும் அத்தோலே. துரு ஏறாமல் தடுப்பதும் அத்தோலே. எண்ணெய் மிகுந்தால் அது இறுகாமல் பசையாகிப் பிசுபிசுக்கும். கரப்பான் பூச்சிக்கு விருந்தாகும்.

எந்த எண்ணெய் என்பதில்தான் நம்மில் பலர் இங்கே வழுக்குகின்றனர். சேர நாட்டுக்கு வந்தபின் அடுக்களையில் தேங்காய் எண்ணெயே ஆட்சி செய்கிறது. சமையலுக்கு அது சிறந்ததே. ஆயினும் பழக்குவதற்கு ஏற்றதன்று. எண்ணெய் இறுகும் தன்மையை ஓரளவு காட்டும் அயோடின் எண் என்ற அளவு ஒன்று உண்டு. அது தேங்காய் எண்ணெய்க்குப் பத்தை ஒட்டியும், நல்லெண்ணெய்க்கு நூற்றுக்கு மேலும் இருக்கிறது. எனவே தேங்காய் எண்ணெய் தோலாகப் படிவது அரிது. நல்லெண்ணெய் படியும். நம் பாட்டிமார் தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெய் ஊற்றியது நாவின் சுவைக்காக மட்டுமன்று போலும். சாலையில் செக்கு நல்லெண்ணெய் தாராளமாகக் கிடைக்கிறது.

சட்டி பழகிய பிறகு அன்றாட வேலை அற்பமே. சூடு தணிந்ததும் வெந்நீரும் நாரும் கொண்டு கழுவலாம். சோப்பே கூடாது என்பது காரம் மிகுந்த பழைய சோப்புகளின் காலத்து விதி. இக்காலத்து மென்மையான பாத்திரச் சோப்பு சிறிதளவு பட்டால் இறுகிய தோல் போய்விடாது. போக்குவது ஊறவைத்தல். இரவில் தொட்டியில் நீரோடு போட்டுவிட்டுக் காலையில் தேய்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினால், காலையில் துருவைத்தான் தேய்க்க நேரும். கழுவியவுடன் துடைத்து, அடுப்பில் இரண்டு நிமிடம் காய்ச்சி, ஒரு துளி நல்லெண்ணெய் தடவி வையுங்கள். மழைக்காலத்தில் செய்தித்தாளில் சுற்றி, தொட்டியருகே அன்றி அடுப்பருகே வைப்பது நன்று. விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் இதை மறவாதிருங்கள்.

புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, குடம்புளியிட்ட மீன்கறி ஆகியவை இரும்புக்கு ஆகா. தோல் கரையும், குழம்பு கறுத்து இரும்பு வாடை வீசும். அவற்றுக்கு மண்சட்டி இருக்கிறது; ஆற்றுகால் பொங்கலையை ஒட்டிய நாட்களில் கிழக்கேகோட்டையெங்கும் மண்பானை மலைபோல் குவியும். இரும்புச் சட்டியில் சமைப்பதால் உணவில் சிறிது இரும்புச்சத்து சேர்வது உண்மை. இரத்தச்சோகை கொண்ட சிறுவரிடம் எத்தியோப்பியாவில் நடத்திய ஆராய்ச்சி 1999-ல் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் வந்தது. இரும்புப் பாத்திரத்தில் சமைத்த உணவை உண்டவர்களுக்கு அலுமினியப் பாத்திரத்தார்க்கு இருந்ததைவிட இரத்தம் மேம்பட்டது என அது கூறிற்று. மருந்துக்குப் பதில் சட்டி போதும் என்று எவரும் கொள்ளற்க.

ஒட்டாத டெப்லான் கல் எளிது என்பார்கள். எளிதே. ஆனால் அதன் பூச்சு கீறினால் மீண்டும் பழக்க வழியில்லை. வெறும் கல்லை நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் பூச்சு சிதையும். எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.

அம்பாசமுத்திரத்துச் சட்டி ஐந்தாம் நாள் காலை பாலக்காட்டு வண்டியேறியது. அதற்கு முந்திய மாலை தாயார் அதில் வெல்லப் பணியாரம் சுட்டார். முதல் ஈடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது ஈடு கம்பியால் தொட்டதுமே புரண்டது. அந்தப் பெண் அதைக் கையில் வாங்கியபோது ஒன்றும் பேசவில்லை; புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

துருவேறிய சட்டி எதையும் பெரும்பாலும் இவ்வாறு மீட்கலாம். விரிசல் விட்டதை மட்டும் மீட்க இயலாது. அடுப்பில் வைக்கும்போது கீற்றின் வழியே எண்ணெய் கசிந்து தீப்பற்றக்கூடும். ஆதலால் அதைத் தயங்காமல் எடைக்குப் போடுங்கள். வார்ப்பாலையின் உலையில் அது மீண்டும் உருகி வேறொரு வார்ப்பாகும். புதுச் சட்டி வாங்கச் சாலைக்குச் செல்வோர் காலையிலேயே செல்லுங்கள். மாலையில் அத்தெருவில் கனத்த பையுடன் கிள்ளிப்பாலம் வரை நடப்பது கடினம்.